பெனால்டி என்றால் நான் ஏன் பேசுவதில்லை

போன கோடையில் மதுஷா என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அன்று நான் பதில் சொல்லவில்லை.

ஸ்காபரோ மைதானத்தில், வர்ணனையாளர் கூடாரத்துக்குள் இருந்தோம். அரையிறுதியாட்டம். நடுவர் பெனால்டிக்கு விசில் ஊதினார். உதைக்கப் போகிறவரின் பெயரைச் சொன்னேன். கோல்கீப்பரின் பெயரைச் சொன்னேன். பிறகு மைக்கை நிறுத்தி மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தேன். பந்து வலைக்குள் போன பிறகுதான் மறுபடி மைக்கை எடுத்தேன்.

"அங்கிள், சீரியஸா, அது டெட் எயார். ஸ்ட்ரீம் நிண்டுபோச்செண்டு சனம் கொமென்ற் போடுது."

"போடட்டும்."

"பெனால்டிதானே ஹைலைட்? அதுக்கே வாயை மூடினா, பிறகு என்னத்துக்கு நாங்கள் இருக்கிறம்?"

நியாயமான கேள்வி. இந்தக் கோடையிலிருந்து நான் அந்தக் கூடாரத்துக்கு வரப்போவதில்லை. மதுஷாவும் புதிதாகச் சேர்ந்திருக்கிற நீங்கள் நால்வரும்தான் எங்கள் சுற்றுப்போட்டிகளுக்கு வர்ணனை செய்யப் போகிறீர்கள். மைக்கை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது, எந்தப் பொத்தானை அமத்துவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஸ்ட்ரீமை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆகவே அந்தக் கேள்வி ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பதில் கொஞ்சம் நீளம். பொறுமை இல்லாதவர்கள் வர்ணனைக்கு வரக்கூடாது என்பதால், பொறுமையாக வாசிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இங்கிலாந்தில் உதைபந்தாட்டக்காரர்களுக்கு மூன்று படி உண்டு. கால் ஓடும்வரை ஆடுவார்கள். கால் நின்றதும் மனேஜர் ஆவார்கள். அங்கேயும் துரத்திவிட்டால் நல்ல கோட்டாகப் போட்டுக்கொண்டு ரிவியில் வந்து உட்கார்ந்து, மற்றவன் செய்கிற பிழையை விளக்குவார்கள். சனி காலைகளில் அவர்களைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன் என்று சொன்னால் பொய். நான் வளர்ந்து முடிந்துதான் கனடாவுக்கு வந்தேன். ஆனால் அவர்களைப் பார்த்து ஆசைப்பட்டது உண்மை. எனக்கும் அதே மூன்று படி கிடைத்தது. வார நாட்களில் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலை. வார இறுதியில் பத்து வருடம் ஆட்டக்காரன், பதினொரு வருடம் பயிற்றுநர், அதற்குப் பிறகு இந்த மைக். முழங்கால் ஒன்றையும் சில சிநேகிதங்களையும் இழந்தேன். பெரிதாக முறைப்பாடு ஒன்றுமில்லை.

முதல் படியிலிருந்து ஒரு சம்பவம்.

பார்க்டேலில் ஓர் அறைக்குள் நான்கு பேர் படுத்தெழும்பிய காலம். எங்கள் ஊர்க் கழகத்தின் பெயரிலேயே இங்கே ஓர் அணி சேர்த்திருந்தார்கள். நான் இடது கரையில் ஓடுபவன். நல்ல ஓட்டக்காரன், அடக்கத்துக்காகவும் அதை மறுக்க மாட்டேன். எங்கள் பயிற்றுநர் ஒரு மெலிந்த மனிதர். பெயரை எழுதவில்லை. பேர் போட்டுப் புகழ்ந்தால் ரெலிபோன் எடுத்து ஏசுகிற ஆள். ஓர் அரையிறுதியில், ஆட்டம் தொடங்கி இருபது நிமிடம்கூட ஆகவில்லை, அவர் என்னை வெளியே எடுத்துவிட்டார். எங்கள் அணி தோற்றது. எல்லோரும் அவர்மேல் பாய்ந்தார்கள்.

"ஏன் அவனை எடுத்தனீங்கள்?"

"எனக்கு உவன்ர விளையாட்டுப் பிடிக்கேல்லை," என்றார். அவ்வளவுதான்.

உண்மை வேறு. முந்திய வெள்ளிக்கிழமை என் அகதி விசாரணை நடந்தது. மொழிபெயர்ப்புக்குத் துணையாக வந்தவர் அவர்தான். விசாரணையில் நான் ஒரு மாதத்தை மாற்றிச் சொல்லி, அதைத் திருத்தப் போய் மற்றதையும் குழப்பி, திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்தேன். வழக்கு எப்படிப் போனது என்று அறையில் இருந்தவர்களுக்குக்கூடச் சொல்லவில்லை, வெட்கம். மைதானத்தில் என் கால் இல்லை என்பது அவருக்கு மட்டும் தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்மேல் பழி வந்திராது. அவர் சொல்லவில்லை. என் வழக்கு பிறகு சரிவந்தது. அவரோ அந்தத் தோல்வியை வருடக்கணக்காகத் தன் தலையில் வைத்துக்கொண்டு திரிந்தார். கல்யாண வீடுகளில் கூட "இருபதாம் நிமிசத்தில ஆளை எடுத்தவர் எல்லோ" என்று பகிடி பண்ணுவார்கள். சிரித்துக்கொண்டு கறி போட்டுக்கொள்வார்.

அவரிடமிருந்து நான் படித்திருக்க வேண்டியது ஒன்று இருந்தது. படித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டாவது படிக்கு வருகிறேன். நான் அதே கழகத்துக்குப் பயிற்றுநராக இருந்தபோது நிரோஷன் எங்கள் கோல்கீப்பர். மூன்று வயதில் இங்கே வந்தவன். தமிழ் நன்றாகக் கதைப்பான். அவசரம் வந்தால் மட்டும் ஆங்கிலம் முந்திக்கொள்ளும். வீடு வெக்ஸ்போர்ட் பக்கம். ட்ரைவோல் வேலை பழகிக்கொண்டிருந்தான். வீடு கட்டுகிற இடங்களில் சுவருக்கும் கூரைக்கும் பலகை அடிக்கிற வேலை. கூரைப் பலகையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குத் தோள் வேண்டும்.

ஒரு மாரிகாலம், பள்ளிக்கூட ஜிம் ஒன்றுக்குள் பயிற்சி. பந்தைப் பிடிக்கப் பாய்ந்து வலப்பக்கம் விழுந்தான். வலது தோள் கழன்றுவிட்டது. நான்தான் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே காத்திருந்த நேரம் முழுக்க அவன் வலியைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை.

"கோச், ப்ளீஸ், ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

"அப்பாவுக்குமோ?"

"அப்பாவுக்கு வேண்டவே வேண்டாம். விளையாட்டை நிப்பாட்டச் சொல்லுவார். வேலைக்கும் தெரியக்கூடாது. தோள் போனவனெண்டு தெரிஞ்சா கூரைக்கு ஏத்த மாட்டாங்கள். வேலை போயிடும்."

"சரியடா. நான் சொல்ல மாட்டன்."

சொல்லவும் இல்லை. ஆறு கிழமை, வேலைத்தலத்துக்குக் கணுக்கால் சுளுக்கு என்று சாட்டுச் சொல்லிப் போகாமல் நின்றான், வீட்டில் தசைப்பிடிப்பு என்று சமாளித்தான். பிறகு தோள் தேறியது, வைத்தியரும் ஆடலாம் என்றார். ஆனால் அவன் ஆட்டத்தில் ஒன்று மாறியிருந்தது. வலப்பக்கம் விழப் பயந்தான். கையை நீட்டுவான், காலால் எட்டுவான், ஆனால் அந்தத் தோளில் விழமாட்டான். பெனால்டி என்றால் ஒவ்வொரு முறையும் இடப்பக்கம்தான் பாய்வான். பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்; நான் அதைத்தானே பார்த்துக்கொண்டு நிற்பவன். வலது பக்கப் பின்வரிசைக்காரனிடம், "உன்ர பக்கத்தால ஒருத்தனையும் அடிக்க விடாதை," என்று சொல்லி வைத்தேன். ஏன் என்று கேட்டான். சொன்னதைச் செய் என்றேன். அவனுக்குத் தன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று கோபம். இருக்கட்டும் என்று விட்டேன். இரண்டு வருடம் அப்படியே ஓடியது. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. நிரோஷனை ஆடவிட்டது சரியா என்று கேட்டால், எனக்கு இன்றும் அரைமனம்தான். அவன் ஆட ஆசைப்பட்டான், நான் வெல்ல ஆசைப்பட்டேன். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் புத்தி கொஞ்சம் தூங்கும்.

பிறகு கழகக் குழுவோடு எனக்குக் கொழுவல். யாருடைய மருமகனை முன்வரிசையில் போடுவது என்ற பழைய சண்டைதான், விவரிக்கத் தேவையில்லை. நான் விலகினேன். அந்த வருடமே, ஆட்டங்களை ஒலிபரப்புகிற தமிழ் வானொலிக்காரர் கூப்பிட்டு மைக்கைத் தந்தார்.

எங்கள் சுற்றுப்போட்டியின் வழமை உங்களுக்குத் தெரியும். ஆனால் அதை வழமை என்று எண்ணிக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். இங்கிலாந்தில் வர்ணனையாளர் உயரத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருப்பார். அவர் சொல்வது வீட்டில் இருப்பவனுக்குக் கேட்கும்; ஓடிக்கொண்டிருப்பவனுக்குக் கேட்காது. நாங்கள் அப்படியா? கோட்டுக்குப் பத்தடி தள்ளிக் கூடாரம். ஒரே மைக், அது வானொலிக்கும் போகும், மைதானத்தின் நாலு மூலையிலும் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கிக்கும் போகும். கொத்துரொட்டி போடுகிறவர் முதல் பந்தைத் துரத்துகிறவர் வரை எல்லோருக்கும் கேட்கும். எல்லோருக்கும் தமிழ் விளங்கும்.

ஒலிபெருக்கிப் பெட்டிகளையும் வானொலி இணைப்பையும் பார்த்துக்கொண்டவர் ஓர் அக்கா. மட்டக்களப்புப் பக்கம். வார நாட்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவார். சவுண்ட் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். என்னைவிட நாலைந்து வயது மூப்பு, ஆனாலும் என்னை அண்ணன் என்பார். அது மரியாதையா நக்கலா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

என் வர்ணனை சனத்துக்கு உடனே பிடித்துப்போனது. காரணம் குரல் அல்ல. எனக்கு உள்வீட்டுக் கதை தெரியும். இவர் இடது காலால்தான் அடிப்பார், அவர் எழுபது நிமிடத்துக்குப் பிறகு ஓடமாட்டார், இந்தப் பயிற்றுநர் தோற்கும்போது இந்த ஆளைத்தான் மாற்றுவார் என்று, ரிவியில் கோட்டுப் போட்டவர்கள் சொல்கிற மாதிரிச் சொல்வேன். சொன்னது அப்படியே நடக்கும். சனம் கைதட்டும். ஒரு பயிற்றுநர் ஆட்டம் முடிந்து வந்து, "அண்ணை, நீங்கள் மைக்கில சொன்னதைக் கேட்டுத்தான் நான் ஆளை மாத்தினனான்," என்றார். நான் அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினேன். அது எச்சரிக்கை. காதைப் பிடித்துத் திருகிச் சொன்ன மாதிரிச் சொல்லியிருக்கிறார், எனக்குத்தான் உறைக்கவில்லை.

அந்தக் கோடையின் இறுதியாட்டம். நான் விட்டுவந்த கழகம் ஒரு பக்கம், கோலில் நிரோஷன். ஒன்றுக்கு ஒன்று. முடிய இன்னும் நாலைந்து நிமிடம். எங்கள் கழகத்துப் பிள்ளையின் கையில் பந்து பட்டது. நடுவர் பெனால்டி கொடுத்தார். வாக்குவாதம், தள்ளுமுள்ளு. எல்லாம் அடங்க நெடுநேரம் ஆனது. அடங்கியதும் மைதானம் முழுக்க ஒரு மௌனம். கொத்துரொட்டித் தட்டுக்கூட நின்றுவிட்டது. எதிரணித் தலைவர் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தார்.

அந்த மௌனம் எனக்குப் பொறுக்கவில்லை. மைக் பிடித்தவனுக்கு மௌனம் என்றால் தன்னை யாரோ மறந்துவிட்ட மாதிரி இருக்கும். உங்களுக்கும் இருக்கும். நான் வாய் திறந்தேன்.

"கோல் காப்பாளரை எனக்கு நன்றாகத் தெரியும் நேயர்களே. என் கையால் பழகிய பிள்ளை. தோளில் ஒரு பழைய காயம். வலப்பக்கம் விழமாட்டார், பெனால்டிக்கு எப்பொழுதும் இடப்பக்கம்தான் பாய்வார்."

என் குரல் ஒரு கணம் பிந்தி மைதானத்தின் மறுகரையிலிருந்து எனக்கே திரும்பிவந்தது. 'இடப்பக்கம்தான் பாய்வார்.' அப்போதுதான் நான் அதைக் கேட்டேன்.

எதிரணித் தலைவர் தலையை நிமிர்த்திக் கூடாரத்தைப் பார்த்தார். நிரோஷனும் பார்த்தான். அவன் கோபமாகப் பார்த்தான் என்று எழுத முடிந்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும். கோபம் இல்லை. சரியாகத்தான் கேட்டேனா என்று பார்க்கிற பார்வை. பிறகு அவன் கண் கோட்டுக் கரையில் நின்ற சனத்தின் பக்கம் போனது. நான் அதற்கு மேல் கவனிக்கவில்லை.

பத்துச் செக்கன் இருந்திருக்கும். என்ன செய்திருக்கலாம் என்று பதினைந்து வருடமாக யோசித்திருக்கிறேன். எழும்பி ஓடி நடுவரை மறித்திருக்கலாம். பைத்தியம் என்றிருப்பார்கள், பரவாயில்லை. சவுண்ட் அக்கா பெட்டியின் பொத்தானில் கையை வைத்தபடி என்னையே பார்த்தார். நான் செய்ததோ, ஒரு பிழையைப் பேச்சால் மூடப் பார்த்தது.

"ஆனாலும் உதைபந்தாட்டத்தில் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது நேயர்களே."

விசில். நிரோஷன் வலப்பக்கம் பாய்ந்தான். முழு உடம்பையும் அந்தத் தோளில் போட்டு விழுந்தான். பந்து மற்றப் பக்கத்தால், இடப்பக்கத்தால் உள்ளே போனது. எனக்குப் பழகிய வாய், அது தன்பாட்டில் "கோ...ல்" என்று இழுத்தது. அவன் எழும்பாமல் கிடப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இழுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது.

பாதி இழுப்பில் ஒலிபெருக்கி செத்தது. அக்கா நிறுத்திவிட்டார்.

"போங்க," என்றார். "இஞ்ச இருந்து என்ன செய்யப் போறீங்க? புள்ளைக்கிட்டப் போங்க."

அம்புலன்ஸ் வந்தது. தோள் இந்த முறை வெறுமனே கழலவில்லை, உள்ளே கிழிந்திருந்தது. அவனை ஏற்றிக்கொண்டு போன பிறகு எதிரணித் தலைவர் கோப்பையோடு வந்து என் கையைக் குலுக்கினார்.

"அண்ணை, நல்ல ட்ரிக்தான் பாத்தனீங்கள். உங்கட பழைய கிளப்புக்காக என்னை ஏமாத்துறியள் எண்டு விளங்கிட்டுது. அதுதான் மற்றப் பக்கம் அடிச்சனான்."

நான் சொன்னது உண்மை. அவர் அதைப் பொய் என்று எடுத்தார். நான் வாயை மூடியிருந்தால் நிரோஷன் வழமைபோல இடப்பக்கம் பாய்ந்திருப்பான். பந்து அங்கே வந்திருந்தால் பிடித்தும் இருப்பான். வராவிட்டால் கோல் ஒன்று, தோளாவது மிஞ்சியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் நிரோஷனின் அப்பா இருந்தார். அன்று அவருக்கு வேலை. வேலைத்தலத்தில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தவர், மகனுக்குத் தோளில் பழைய காயம் இருப்பதை என் வாயால்தான் முதன்முதலாக அறிந்திருக்கிறார்.

"எங்களுக்குத் தெரியாமல் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார்.

நிரோஷன், "இற்ஸ் ஓகே, கோச்," என்றான். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவன் வேலை செய்த இடத்து முதலாளியும் தமிழர். ஆட்டம் பார்க்க வந்திருந்தவர். சத்திரசிகிச்சை முடிந்து, கை தேறி, அவன் கூப்பிட்டபோது கூரைக்கு வேறு ஆள் இருந்தது. பிழையான மனிதர் அல்ல அவர். தோள் போனவன் தலைக்கு மேல் பலகை பிடித்தால் ஆபத்து அவனுக்கு மட்டுமல்ல. ஆனால் அவன் இரண்டு வருடம் மறைத்து வைத்ததை நான் ஒரு மூச்சில் நாலு மூலைக்கும் கொடுத்துவிட்டேன். நிரோஷன் அதற்குப் பிறகு ஆடவில்லை.

இனித்தான் மதுஷாவும் நீங்களும் கவனமாக வாசிக்க வேண்டிய இடம். பிழை விட்டால் மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை, வானொலியில் எனக்கிருந்த விளையாட்டு நிகழ்ச்சியிலேயே மன்னிப்புக் கேட்பது என்று முடிவெடுத்து வானொலிக்காரரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"செய்யுங்கோ அண்ணை. அது நல்ல ப்ரோகிராமா வரும்."

அந்த மலர்ச்சி எனக்கு எங்கேயோ குத்தியது. சவுண்ட் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் வயர் சுற்றிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"ஆருக்காகக் கேக்கப் போறீங்க? அவனுக்கா, உங்களுக்கா?"

"அவனுக்குத்தான்."

"அப்ப அவனிட்டக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அன்றே ரெலிபோன் எடுத்தேன். "கோச், ப்ளீஸ்," என்றான் நிரோஷன். ஆஸ்பத்திரியில் முதல்முறை கேட்ட அதே குரல். "இன்னொருக்கா மைக்கில என்ர பேர் வேண்டாம்."

ஆகவே மன்னிப்பு ஒலிபரப்பாகவில்லை. அவன் வீட்டுக்குப் போய், அவன் முன்னால் இருந்து, "பிழை விட்டிட்டன் தம்பி, என்னை மன்னிச்சுக்கொள்," என்றேன். அவன் தலையாட்டினான். தாய் தேத்தண்ணி தந்தார். அதற்குப் பிறகு அவன் என்னைக் கூப்பிடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ஊரெல்லாம் என்னை நல்ல அறிவிப்பாளர் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு இருந்ததுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுகூட யோசித்தேன். அக்காதான் தடுத்தார். "விட்டுட்டுப் போனா உங்களுக்கு லேசு. இருந்து ஒழுங்காச் செய்யுங்க," என்றார். இன்னொன்றும் சொன்னார், அதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "நீங்க வெளிய இருந்து பாக்கிற எண்டு நினைக்கிறீங்க. ஸ்பீக்கர் பூட்டினா நீங்களும் உள்ளதான் நிக்கிறீங்க. உள்ள நிக்கிற ஆள் மாதிரிப் பேசுங்க."

அடுத்த கோடை முதல் பெனால்டிக்கு நான் கதைப்பதில்லை. இரண்டு பெயர், பிறகு மௌனம். ஒருவனின் காயம், ஒருவனின் வேலை, வீட்டுப் பிரச்சினை, விசாப் பிரச்சினை எதுவும் மைக்கில் வராது. தெரிந்திருந்தாலும் வராது, தெரிந்திருந்தால் கட்டாயம் வராது. என் வர்ணனை சப்பென்று போய்விட்டது என்றார்கள். போகட்டும் என்றேன். ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு ஸ்ட்ரீமுக்கு மட்டும் கதைக்கலாமே என்று மதுஷா கேட்பாள். மேலதிக வீரர்கள் இருக்கிற பெஞ்சைப் போய்ப் பார்க்கட்டும். ஒவ்வொருவன் காதிலும் எங்கள் ஸ்ட்ரீம் ஓடுகிற ஒரு சின்ன ஸ்பீக்கர். முந்தி நாலு கம்பம், இப்போது நானூறு.

இனி போன கோடைக்கு வருகிறேன். நாங்கள் வர்ணனை செய்த அந்த அரையிறுதியில் தோற்ற அணியின் பயிற்றுநர் நிரோஷன். எங்கள் பழைய கழகத்தின் புதிய குழு அவனைத் தேடிப்போய்க் கூட்டிவந்திருக்கிறது. பெனால்டி அவன் அணிக்கு எதிராகத்தான். நான் மைக்கை வைத்தபோது அவன் எதிர்க் கோட்டில் நின்று கூடாரத்தைப் பார்த்தான். பந்து உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றான். கோலை அவன் பார்க்கவே இல்லை.

ஆட்டம் முடிந்ததும் மதுஷா கோப்பி வாங்கப் போனாள். நிரோஷன் கூடாரத்துக்குள் வந்தான். தலையில் ஒன்றிரண்டு நரை. கை தர இடது கையை நீட்டினான்.

"பெனால்டிக்கு ஏன் கோச் கதைக்கேல்லை?"

"நான் பெனால்டிக்குக் கதைக்கிறேல்லை."

"எப்ப இருந்து?"

நான் அவன் வலது தோளைப் பார்த்தேன். அவனுக்கு விளங்கியது. மதுஷாவின் கதிரையில் இருந்தான்.

"அண்டைக்கு நான் ஏன் வலப்பக்கம் பாஞ்சனான் எண்டு தெரியுமோ?"

"நான் சொன்னதைக் கேட்டு அவன் அந்தப் பக்கம் அடிப்பான் எண்டு நினைச்சாய்." பதினைந்து வருடமாக எனக்கு நானே சொல்லிவந்த விளக்கம் அதுதான்.

"இல்லை கோச்." சிரித்தான். "அவன் எங்க அடிப்பான் எண்டு நான் யோசிக்கவேயில்லை. பொஸ் லைன்ல நிண்டவர். என்னையே பாத்துக்கொண்டு நிண்டவர். நான் வலப்பக்கம் விழுந்து காட்டினா, நீங்கள் சொன்னது பொய் எண்டு ஆயிடும். வேலை தப்பும். அவ்வளவுதான். விழுந்திட்டு எழும்பினாச் சரி எண்டு நினைச்சன்." தோளைத் தொட்டுப் பார்த்தான். "எழும்பேலாமப் போச்சு."

நான் அழுதேன். மைதானம் துப்புரவாக்க வந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். அவன் கோப்பையைக் காக்கப் பாயவில்லை. நான் அவிழ்த்துவிட்ட ஒரு சொல்லைப் பிடிக்கப் பாய்ந்திருக்கிறான்.

இதை உங்களுக்கு எழுதலாமா என்று பிறகு அவனிடம் கேட்டேன். இப்போது மார்க்கம் நகரில் சொந்தமாக ட்ரைவோல் வேலை எடுத்துச் செய்கிறான். அவனிடம் ஆட்கள் வேலை செய்கிறார்கள். "எழுதுங்கோ கோச். இப்ப நான்தான் பொஸ், ஒருத்தரும் என்னை வேலையால நிப்பாட்டேலாது," என்றான். முழுவதையும் அவனுக்கு வாசித்துக் காட்டிய பிறகே அனுப்புகிறேன்.

அன்று எழும்பிப் போகும்போது அவன் வாசலில் நின்றான். யாரும் இல்லையா என்று இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு குனிந்து, தன் கோல்கீப்பரைப் பற்றி, அந்தப் பிள்ளையின் தாய் தகப்பனுக்கும் தெரியாத ஒரு விஷயத்தை என்னிடம் சொன்னான். ஏன் என்னிடம் சொன்னான் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என் முகத்தை ஒருதரம் பார்த்தான், போய்விட்டான்.

மதுஷா இரண்டு கோப்பியோடு திரும்பிவந்தாள்.

"அந்த அங்கிள் என்ன சொன்னவர்?"

"ஒண்டுமில்லை," என்றேன்.

அந்தக் கோல்கீப்பர் இந்தக் கோடையும் ஆடுகிறார். நீங்கள்தான் வர்ணனை.